பரங்கிக்கு எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர்?

மாசி மாதம், பகல் 1 மணி. திண்டிவனம், மயிலம், செஞ்சிப் பக்கத்துக் கொல்லைகளில் பரங்கிக்கொடி படர்ந்திருக்கும் இடத்தில் போய் நின்றால் ஒரே காட்சிதான். காலையில் குடை மாதிரி விரிந்திருந்த இலைகள் எல்லாம் துவண்டு தொங்கிக் கொண்டிருக்கும். “ஏங்க, கொடியெல்லாம் வாடிப்போச்சு, மோட்டாரைப் போட்டு விடுங்க” என்று வீட்டம்மா குரல் கொடுப்பார். மும்முனை மின்சாரம் இருக்கிறது, கிணற்றிலும் தண்ணீர் கிடக்கிறது. மோட்டார் ஓடும். மறுநாள் பகலில் அதே இலைகள் மறுபடியும் தொங்கும். மறுபடியும் மோட்டார் ஓடும்.

பத்து, பதினைந்து நாள் இப்படிப் போனால் அடி இலைகள் மஞ்சளாகும். பிஞ்சுகள் கறுத்து உதிரும். தண்டின் அடிப்பாகம் அழுகத் தொடங்கும். ‘ஏதோ நோய் வந்துவிட்டது’ என்று மருந்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும். விதை, எரு, உழவு என்று போட்ட முதலோடு மருந்துச் செலவும் சேரும். அந்த நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டது தினமும் பாய்ச்சிய தண்ணீர்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அதே மாசி மாதத்தில் தென்பெண்ணை ஆற்றோரம், விழுப்புரம் பக்கத்து வண்டல் நிலத்தில் வாரம் ஒரு தண்ணீரில் பரங்கி செழிப்பாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, ‘அங்கே வாரம் ஒன்று போதுமென்றால் இங்கேயும் போதும்’ என்று திண்டிவனத்துச் சரளைச் செம்மண்ணிலும் ஏழு நாள் விட்டால், ஐந்தாவது நாளிலேயே பிஞ்சு உதிரும். ஆக, ஒருவர் அதிகமாகப் பாய்ச்சி இழக்கிறார், இன்னொருவர் குறைவாகப் பாய்ச்சி இழக்கிறார். இருவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பரங்கிக்கு எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, விதை ஊன்றும் முன் ஒரு தண்ணீர், அதன் பிறகு வாரம் ஒரு தண்ணீர் என்பது. எல்லா மாவட்டத்துக்கும் பொதுவாகச் சொன்ன நல்ல கணக்கு அது. ஆனால் அதைத் தன் நிலத்துக்குப் பொருத்திக்கொள்ள வேண்டியவர் விவசாயிதான். மண், கொடியின் வயது, வெயில் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் நாளையும் அளவையும் முடிவு செய்கின்றன.

நண்பகலில் இலை ஏன் தொங்குகிறது?

பரங்கியின் இலை அகலமானது. வெயில் உச்சிக்கு ஏறும்போது இலை வழியாக ஆவியாகப் போகும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடு கொடுக்க முடிவதில்லை. மண்ணில் போதுமான ஈரம் இருந்தாலும் இது நடக்கும். இலை தொங்கினால் அதன்மேல் விழும் வெயில் குறையும், நீர் இழப்பும் குறையும். இது கொடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. மாலை 5 மணிக்கு மேல் வெயில் தணிந்ததும் இலைகள் தாமாகவே நிமிர்ந்துவிடும்.

எனவே பகல் 1 மணிக்கு இலையைப் பார்த்து முடிவு எடுக்கக் கூடாது. மாலை இருட்டும் முன்னும், மறுநாள் காலை 7 மணிக்கும் பார்க்க வேண்டும். மாலையில் நிமிர்ந்துவிட்டால் தண்ணீர் தேவையில்லை. காலையிலும் தொங்கிக் கொண்டிருந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, மண் வறண்டுவிட்டது. அல்லது, தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சு முட்டி அழுகிவிட்டது. வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளை எல்லாம் தண்ணீரே அடைத்துக்கொண்டால் வேர் வேலை செய்யாது, சுற்றிலும் நீர் இருந்தும் கொடி வாடும். இரண்டு வாட்டமும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். எது என்று சொல்வது மண் மட்டும்தான்.

ஒரு சாண் ஆழத்தில் ஒரு பிடி மண்

செலவில்லாத சோதனை இது. கொடியின் அடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, களைக்கொட்டால் ஒரு சாண் ஆழம் தோண்ட வேண்டும். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அடியில் இருக்கும் மண்ணில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

பிடித்த மண் உருண்டையாக நின்று, விரலால் தட்டினாலும் உடையாமல் இருந்தால் ஈரம் போதும். இன்னும் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் போதுமானது. உருண்டை பிடித்தும், தட்டியதும் உதிர்ந்தால் அன்றோ மறுநாளோ தண்ணீர் விட வேண்டும். உருண்டையே பிடிக்காமல் பொலபொலவென்று கொட்டினால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. பிடிக்கும்போது விரல் இடுக்கில் தண்ணீர் கசிந்தால், மோட்டாரைத் தொடவே வேண்டாம், வடிகாலைப் பார்க்க வேண்டும்.

மேல்மண் காய்ந்து வெளுத்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மாசி, பங்குனி வெயிலில் மேல் இரண்டு விரற்கடை மண் ஒரே நாளில் காய்ந்துவிடும். பரங்கியின் வேர்களில் பெரும்பகுதி அதற்குக் கீழே ஒன்றரை, இரண்டு அடி ஆழம் வரை பரவியிருக்கும்.

மண் எவ்வளவு தாங்கும்?

மண்ணை ஒரு தொட்டியாக நினைத்துக் கொள்ளலாம். செம்மண், மணல் கலந்த நிலங்களில் தொட்டி சிறியது. வண்டல், களிப்பு நிலங்களில் தொட்டி பெரியது.

மணல் கலந்த செம்மண்ணில் இரண்டு அடி ஆழத்துக்குள் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் சுமார் 65 மில்லிமீட்டர் இருக்கும். களி கலந்த வண்டலில் அது 100 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இந்தத் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் மறுபடி நிரப்பினால்தான் பரங்கி தளராமல் காய்க்கும். அப்படியானால் செம்மண்ணில் செலவழிக்கக்கூடியது 20 முதல் 25 மில்லிமீட்டர், வண்டலில் 35 மில்லிமீட்டர்.

கொடி நிலத்தை மூடிய பிறகு, மாசி மாதத்தில் நாள் ஒன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீர் செலவாகும். ஆக, செம்மண்ணில் 4 முதல் 5 நாளுக்கு ஒரு தண்ணீர், வண்டலில் 7 நாளுக்கு ஒரு தண்ணீர். சித்திரை, வைகாசியில் நாள் செலவு 6 மில்லிமீட்டராக ஏறும்போது இந்த இடைவெளி இன்னும் ஒரு நாள் குறையும். தை மாதப் பனிக்காலத்தில் ஓரிரு நாள் கூடும். சரளைக்கல் அதிகமுள்ள மேட்டு நிலத்தில் 3 நாளிலேயே சோதனை செய்து பார்க்க வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் மீதி எல்லாம் எளிது.

வயதுக்கு ஏற்ற அளவு

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் குழி எடுத்தால் ஏக்கருக்குச் சுமார் 1,000 குழிகள் வரும். ஒரு குழிக்கு ஐந்து விதை ஊன்றி, 15 நாள் கழித்து வீரியமான இரண்டு செடிகளை மட்டும் விட்டு மற்றதைக் களைந்துவிடுவது பரிந்துரை. சுமார் 135 நாள் வயதுள்ள கோ 2 ரகத்தை மார்கழிக் கடைசியிலோ தை மாதத்திலோ ஊன்றியதாக வைத்துக்கொண்டு, ஒரு குழிக்கு உத்தேசமான அளவு கீழே தரப்பட்டுள்ளது.

விதை ஊன்றும் முன்: குழியில் எருவும் மண்ணும் கலந்து நிரப்பி, முதல் நாளே நன்றாக நனைத்துவிட வேண்டும். மறுநாள் ஈரம் பதமாக இருக்கும்போது விதையை ஊன்ற வேண்டும். ஊன்றிய பிறகு தண்ணீரைக் கொட்டினால் மண் இறுகி விதை அழுகும். மேல்மண் காய்ந்தால் மூன்றாம் நாள் பூவாளியால் லேசாக ஓர் உயிர்த்தண்ணீர் போதும்.

முதல் 25 நாள்: நாள் ஒன்றுக்கு 2 லிட்டர் கணக்கு. இரண்டு நாளுக்கு ஒருமுறை 4 லிட்டர், குழிக்குள் மட்டும். வயல் முழுவதும் பாய்ச்சினால் களைக்குத்தான் லாபம்.

25 முதல் 45 நாள் வரை, கொடி ஓடும் பருவம்: நாளுக்கு 7 லிட்டர் கணக்கு. மூன்று நாளுக்கு ஒருமுறை 20 லிட்டர். 30ஆம் நாள் மேலுரமாகத் தழைச்சத்து குழிக்கு 10 கிராம், அதாவது யூரியா சுமார் 22 கிராம் இட்டு, அளவான தண்ணீர் விட வேண்டும். இந்தப் பருவத்தில் தண்ணீரும் யூரியாவும் அளவுக்கு மேல் போனால் கொடியும் இலையும் மட்டும் காடாக மண்டும், பெண் பூ வருவது தள்ளிப் போகும்.

45 முதல் 105 நாள் வரை, பூத்துப் பிஞ்சு பிடித்துக் காய் பெருக்கும் பருவம்: நாளுக்கு 18 லிட்டர் கணக்கு. செம்மண்ணில் நான்கு நாளுக்கு ஒருமுறை 70 லிட்டர். வண்டலில் ஆறு, ஏழு நாளுக்கு ஒருமுறை 110 முதல் 125 லிட்டர். விளைச்சலைத் தீர்மானிப்பது இந்த 60 நாள்தான். மற்றப் பருவங்களில் ஒரு தண்ணீர் தவறினால் கொடி தாங்கிக்கொள்ளும், இப்போது தவறினால் பிஞ்சு உதிரும்.

105 முதல் 125 நாள் வரை, காய் முற்றும் பருவம்: நாளுக்கு 10 லிட்டர் கணக்கு. இடைவெளியை இரண்டு நாள் கூட்டலாம்.

கடைசி 10 நாள்: தண்ணீர் வேண்டாம்.

எல்லாவற்றையும் கூட்டினால் குழிக்குச் சுமார் 1,470 லிட்டர், ஏக்கருக்கு 15 லட்சம் லிட்டரை ஒட்டி வரும். வாய்க்காலில் வீணாவது இதில் சேராது. இந்த அளவுகள் தொடக்கத்துக்கு ஒரு வழிகாட்டிதான். இதைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை ஒரு பிடி மண் சொல்லும்.

குழிக்குள் மட்டும் ஊற்றினால் போதுமா?

முதல் மாதம் போதும். அதன் பிறகு போதாது. கொடி படரும் பக்கமெல்லாம் மண்ணுக்குள் வேரும் படர்கிறது. ஈர மண்ணில் படும் கணுக்களிலிருந்தும் வேர் இறங்கும். எனவே 30 நாளுக்கு மேல் குழியைச் சுற்றி வட்டப்பாத்தியை அகலப்படுத்த வேண்டும். இல்லையென்றால் இரண்டு வரிசைக்கு நடுவே சால் இழுத்து அதில் தண்ணீர் விட வேண்டும். தண்டின் அடிப்பாகத்தில் மண் சற்று மேடாக இருக்க வேண்டும். அடித்தண்டில் தண்ணீர் தேங்கினால் அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

உங்கள் மோட்டார் மணிக்கு எவ்வளவு தருகிறது?

‘ஒரு மணி நேரம் பாய்ச்சினேன்’ என்பது ஓர் அளவே இல்லை. ஒரே குதிரைத்திறன் மோட்டார் ஒரு கிணற்றில் ஒரு மாதிரி தரும், இன்னொரு கிணற்றில் வேறு மாதிரி தரும். நீர்மட்டம் இறங்க இறங்க அதே மோட்டார் தருவதும் குறையும்.

அளப்பது சுலபம். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று கைப்பேசியில் பார்க்க வேண்டும். 40 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். பூப்பருவத்தில் ஒரு ஏக்கர் செம்மண்ணுக்கு ஒரு முறைக்குத் தேவை 70,000 லிட்டர். இந்த மோட்டாருக்கு அது நான்கு மணி நேர வேலை. மண் வாய்க்காலில் கால் பங்கு ஊறிப் போவதாக வைத்தால் ஐந்து மணி நேரம்.

மின்சாரம் வருகிறதே என்று அதே மோட்டாரைப் பத்து மணி நேரம் ஓட விட்டால், மிகுதித் தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கிப் போகும். போகும்போது போட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டு போகும். மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் யூரியா காசு கொடுத்து வாங்கியது. கிணற்றுத் தண்ணீரோ சித்திரை, வைகாசியில் மாட்டுக்கும் வீட்டுக்கும் வேண்டியது.

நனைந்த ஆழத்தைப் பார்க்க, பாய்ச்சிய மறுநாள் ஒரு முனை மழுங்கிய இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்திப் பார்க்கலாம். ஈரம் உள்ள வரை எளிதாக இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நிற்கும். ஒன்றரை முதல் இரண்டு அடி இறங்கினால் சரியான அளவு. அரை அடியில் நின்றால் மேலாகத் தெளித்தது போலத்தான். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும், ஒருநாள் வெயிலைக்கூட அது தாங்காது.

பூ விரியும் நேரத்தில் கவனம்

பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ முதலில் வரும், நீண்ட காம்போடு இருக்கும். மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையாருக்குச் சூட்டப் பறிப்பது பெரும்பாலும் அதைத்தான். பெண் பூவின் அடியில் சின்ன உருண்டைப் பிஞ்சு இருக்கும். இரண்டும் விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தால்தான் பிஞ்சு நிலைக்கும்.

ஆகவே காலை நேரத்தில் தெளிப்பு நீர்க் கருவியை ஓட விடுவதோ, குழாயால் கொடி மேல் பீய்ச்சுவதோ கூடாது. பூ நனைந்தால் மகரந்தம் கெடும், தேனீயும் வராது. மாலையில் இலை மேல் தண்ணீர் பட்டால் இரவெல்லாம் ஈரம் நின்று அடிச்சாம்பல் நோய்க்கு வழியாகும். தண்ணீர் எப்போதும் மண்ணுக்குத்தான், இலைக்கு இல்லை. அதிகாலையிலோ மாலையிலோ பாத்தியிலும் சாலிலும் பாய்ச்சுவது நல்லது.

சொட்டுநீரும் மூடாக்கும்

சொட்டுநீர் அமைத்தவர்களுக்குக் கணக்கு இன்னும் எளிது. மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் குழிக்கு இரண்டு இருந்தால் மணிக்கு 8 லிட்டர். முதல் மாதம் நாளுக்குக் கால் மணி நேரம், கொடி ஓடும்போது முக்கால் முதல் ஒரு மணி நேரம், காய் பெருக்கும்போது இரண்டேகால் மணி நேரம். வாய்க்கால் இழப்பு இல்லை. மாதம் ஒருமுறை குழாய் முனைகளைத் திறந்து கழுவிவிட்டு, சொட்டுவான்கள் அடைத்திருக்கின்றனவா என்று வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

‘ஒரு துளி நீரில் அதிகப் பயிர்’ திட்டத்தில் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தரப்படுகிறது. பரங்கி காய்கறிப் பயிர் என்பதால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுக வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார், வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

சொட்டுநீர் இல்லாதவர்களுக்குக் கைகொடுப்பது மூடாக்கு. விழுப்புரம் மாவட்டத்தில் கரும்புச் சோகைக்குக் குறைவில்லை. அதை எரிக்காமல் குழியைச் சுற்றி நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் மண்ணின் ஈரம் நேராக ஆவியாவது குறையும், களையும் அடங்கும். இடைவெளியை ஓரிரு நாள் கூட்டலாம். காய்கள் ஈர மண்ணில் படாமல் சோகையின் மேல் கிடப்பதால் அடி அழுகலும் குறையும். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரற்கடை இடம் விட வேண்டும்.

ஆடிப்பட்டத்தில் பிரச்சினையே வேறு

தைப்பட்டத்தில் தண்ணீர் கொடுப்பது கவலை. ஆனி, ஆடியில் ஊன்றும் பயிருக்குத் தண்ணீரை வெளியேற்றுவதுதான் கவலை. விழுப்புரம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. பொங்கல் சந்தைக்காகச் சற்றுப் பின்தள்ளி ஆவணியில் ஊன்றினால், காய் பெருக்கும் பருவம் நேராக ஐப்பசி, கார்த்திகை மழையில் போய் நிற்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை இந்தப் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். அந்த மாதிரி மழையில் எந்த வடிகாலும் முழுதாகக் காப்பாற்றாது. ஆனால் ஆண்டுதோறும் வரும் 5, 10 சென்டிமீட்டர் மழைக்கு வடிகால் நிச்சயம் காப்பாற்றும். மழைக்காலப் பயிரை மேட்டுப்பாத்தியில் வைத்து, இரண்டு வரிசைக்கு ஒரு வடிகால் என்று வயலின் தாழ்ந்த மூலை வரை இழுத்துவிட வேண்டும். பரங்கி வேர் தேங்கிய தண்ணீரில் ஒரு நாளுக்கு மேல் நிற்பது ஆபத்து. மழை விட்டதும் முதல் வேலை மடையைத் திறப்பது. தண்ணீர் வடிந்து மண் பதமானதும் லேசாகக் கொத்திக் காற்றுப் புக விட வேண்டும். ட்ரைக்கோடெர்மா விரிடியோ சூடோமோனாஸோ மக்கிய எருவில் கலந்து குழிக்கு இட்டால் வேரழுகல் குறையும்.

ஆடி, ஆவணியில் மாலை வேளையில் வரும் இடிமழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கங்கள் நேராக உள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்து, மழை விட்டதும் ஸ்கேலால் அளந்தால் போதும். 20 மில்லிமீட்டர் நின்றால் நான்கு நாள் தண்ணீர் மிச்சம். 3 மில்லிமீட்டர்தான் என்றால் அதை மழையாகவே எண்ண வேண்டாம்.

கடைசித் தண்ணீரும் விலையும்

காம்பு காய்ந்து நெட்டி மாதிரி ஆவதும், தோலில் நகம் இறங்காததும் காய் முற்றியதன் அடையாளம். அதற்கு 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். ‘எடை கூடும்’ என்று அறுவடைக்கு முதல் நாள் வரை பாய்ச்சினால் காயில் நீர் ஏறும், தோல் இறுகாது, வண்டியில் ஏற்றும்போதே வெடிப்பு விழும்.

காய்ந்த நிலத்தில், இரண்டு விரற்கடை காம்போடு அறுத்து, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் ஆற வைத்த முற்றிய பரங்கி இரண்டு, மூன்று மாதம் கெடாது. சிறு விவசாயிக்கு இதில்தான் பலம் இருக்கிறது. வரத்து கூடி விலை இறங்கிய நாளில் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. வீட்டுத் தாழ்வாரத்தில் அடுக்கி வைத்துவிட்டு, உழவர் சந்தைக்கு வாரம் கொஞ்சமாக எடுத்துப் போகலாம். கடைசிப் பத்து நாள் மோட்டாரை நிறுத்தியதன் கூலி அது.

வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டுக் கொல்லையில் இரண்டு கொடி மட்டும் இருக்கிறது. எவ்வளவு ஊற்றுவது?

பதில்: பிளாஸ்டிக் குடம் 12 முதல் 15 லிட்டர் பிடிக்கும். கொடி சிறிதாக இருக்கும்போது இரண்டு நாளுக்குக் கால் குடம். காய்க்கும்போது கொடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்றரைக் குடம். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

கேள்வி: பிஞ்சு விரல் அளவில் மஞ்சளாகி உதிர்கிறது. தண்ணீர் குறைவா?

பதில்: முதலில் மண்ணைப் பாருங்கள். ஈரம் சரியாக இருந்தால் மகரந்தம் சேராததே காரணமாக இருக்கும். காலையில் பூ விரிந்திருக்கும்போது ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடலாம். காலை நேரத்தில் பூச்சிக்கொல்லி தெளிப்பதை நிறுத்த வேண்டும்.

கேள்வி: நன்றாகப் பெருத்த காய் வெடிக்கிறது. ஏன்?

பதில்: பல நாள் காயவிட்டு, பிறகு ஒரேயடியாக நிறையப் பாய்ச்சுவதுதான் பெரும்பாலும் காரணம். கோடைமழைக்குப் பிறகும் இது நடக்கும். மண் அதிகம் காய்ந்துவிட்டால், முதலில் பாதி அளவு, இரண்டு நாள் கழித்து மீதி என்று பிரித்துப் பாய்ச்ச வேண்டும்.

கேள்வி: மும்முனை மின்சாரம் இரவில்தான் வருகிறது. இரவில் பாய்ச்சலாமா?

பதில்: சாலிலும் சொட்டுநீரிலும் பாய்ச்சலாம். இலையை நனைக்கக் கூடாது. தூங்கிவிட்டால் மோட்டார் விடியும் வரை ஓடும் என்பதுதான் ஆபத்து. நேரம் வைத்து நிறுத்தும் கருவி பொருத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: மரக்காணம் பக்கம் போர் தண்ணீர் சற்று உப்பு. பரங்கி வைக்கலாமா?

பதில்: முதலில் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனை செய்யுங்கள். திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறலாம். உப்பு லேசாக இருந்தால், தொழு உரத்தைக் கூட்டி, மண்ணை அதிகம் காயவிடாமல் இடைவெளியைக் குறைக்க வேண்டும். மண் காயக் காய உப்பின் கடுமை ஏறும். இலை ஓரம் கருகினால் உப்பு மிகுந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: சுரை, பீர்க்கு, கல்யாணப் பூசணிக்கும் இதே கணக்கா?

பதில்: சோதனை அதேதான். ஒரு சாண் ஆழத்தில் ஒரு பிடி மண். அளவு மட்டும் இடைவெளிக்கு ஏற்ப மாறும். ஒரு குழிக்கு எத்தனை சதுர மீட்டர் வருகிறதோ, அதைக் கொடி நிலத்தை மூடிய பிறகு 5 ஆல் பெருக்கினால் மாசி மாதத்துக்கான ஒரு நாள் லிட்டர் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும்.

நாளை பகல் 1 மணிக்கு இலை தொங்கும்போது மோட்டார் அறைக்குப் போகும் முன் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குள் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். தண்ணீர் விடுவதா, மாலை வரை பொறுப்பதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.